ஆரஞ்சு நீட்டிய கை

அத்தானின் பதிப்பகத்தில் படம் வரைபவள் நான். அக்காவைக் கட்டிய உரிமையில் என் முதுகில் சவாரி செய்தே பெரிய மனிதரானவர் அவர்.

கானா நாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் படப் புத்தகத்துக்காக, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அந்த நாட்டு நர்ஸ் அம்மாவின் சமையலறையில் நாள்கணக்காக உட்கார்ந்து வரைந்தேன். வோல்டா ஏரிப் படகுகள், கோகோ விதை உலரும் பாய்கள், பளிச்சென்ற கெந்தே துணி. சந்தைப் படத்துக்கு அவர் மகளே ஆரஞ்சை நீட்டியபடி நின்றாள்.

"எங்க ஊர்ல எதைக் குடுத்தாலும் வலது கைதான். இடது கையை நீட்டினா அவமானப்படுத்துறதா அர்த்தம்" என்றார் நர்ஸ் அம்மா.

அட்டை தயாரானது. 'எழுத்தும் ஓவியமும்' என்று அத்தான் பெயர் மட்டும். எனக்கு வயிறு எரிந்தது.

"குடும்பத்துக்குள்ள உன் பேரென்ன, என் பேரென்ன?" என்று சிரித்தார்.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. படத்தில் இருப்பவரின் முகம் புத்தகத்தின் நடு மடிப்பைப் பார்த்து இருந்தால்தான் விற்குமாம். வெளி ஓரத்தைப் பார்த்தால் கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பிவிடுவார். அச்சுக்கு முன் நான்தான் கண்டுபிடித்துத் திருத்துவேன். இந்த முறை சந்தைப் படத்தைத் திருப்பி, மூலையில் இருந்த என் கையெழுத்தையும் வெட்டியிருந்தார். சிறுமி இடது கையால் ஆரஞ்சு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பிரமாதம் அத்தான்" என்றேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பள்ளி நூலகத்தில் வெளியீடு. அத்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாகத் திரையில் காட்டி அளந்துகொண்டிருந்தார். சந்தைப் படம் வந்ததும் முன்வரிசையில் அந்தச் சிறுமி எழுந்தாள்.

"நான் இந்தக் கையால குடுக்கவே இல்ல. ஏன் என்னை இப்படிப் போட்டிருக்கீங்க?"

அவள் உதடு துடித்தது. எனக்கும் சுருக்கென்றது. அவள் அம்மாவின் முகம் இறுகியது.

அத்தான் பதறினார். "படம் நான் போடலம்மா! அதோ, என் மச்சினி! எல்லாப் படமும் அவதான் போட்டா!"

இத்தனை நாள் நான் கேட்கத் தவித்த வார்த்தை. அதுவும் மைக்கில், ஊரைக் கூட்டி.

பையிலிருந்த அசல் படத்தைச் சிறுமியிடம் கொடுத்தேன். அதில் வலது கை, கீழே என் கையெழுத்து. அவள் அம்மா அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதைத் திருப்பினது யாரு?"

அத்தான் மைக்கைப் பொத்திக்கொண்டு என் காதில் குழைந்தார். "நீ செஞ்சதாச் சொல்லிடும்மா. குடும்ப மானம்."

மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"குடும்பத்துக்குள்ள என் தப்பென்ன, உங்க தப்பென்ன அத்தான்? அட்டையில இருக்கிற பேரையே சொல்லிடுங்க."