தண்ணீர் பார்க்கும் பெட்டி

ஞானராஜுக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டுமே காய்ந்த சேற்றின் நிறம். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி நடத்துகிற ஒருவருக்கு இது சின்னக் குறையல்ல. இளவயதில் ரயில்வே வேலைக்கான மருத்துவச் சோதனைக்குப் போனபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. கடைசிப் பட்டியலில் பெயர் வரவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு அப்பாவின் மண்டியில் வந்து உட்கார்ந்தார். பழமா, செங்காயா, முழுக்காயா என்று விரலால் அழுத்தியும் முகர்ந்தும் கண்டுபிடிக்கப் பழகினார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் மனைவி இசபெல்லா. கல்யாணமான புதிதில் அவளுடைய சேலையின் நிறத்தைத் தப்பாகப் புகழ்ந்து மாட்டிக்கொண்டார்.

நீலம் மட்டும் அவரை ஏமாற்றியதில்லை. பெங்களூரில் ஒரு கடையில் நீல விளக்கின் கீழே பவளங்கள் வளர்ந்த கடல் தொட்டியைப் பார்த்தபோது, பக்கத்தில் நிற்பவர்கள் எதைப் பார்த்து வியக்கிறார்களோ அதையே தானும் பார்ப்பதாக அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது. கடையை விட்டு வெளியே வர மனம் வரவில்லை. அடுத்த பொங்கலுக்குள் அவர் வீட்டு முன்னறையில் பவளங்களும் சில மீன்களுமாக அப்படியொரு தொட்டி வந்துவிட்டது. ஊர் போர்த் தண்ணீர் அதற்கு ஆகாது. வடிகட்டிய தண்ணீரில் கடலுப்பைக் கலக்கி ஊற்ற வேண்டும். கடலையே பார்க்காத ஊரில் கடல் வைத்திருக்கிறார் என்று தெருவில் சிரித்தார்கள். சிரித்தவர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள்.

தொட்டியில் ஒரு சிக்கல் இருந்தது. பவளம் தன் உடம்பைக் கட்டிக்கொள்ளத் தண்ணீரின் காரத்தன்மையை எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அந்த அளவை அடிக்கடி சோதித்து, குறைந்ததை ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். சோதனை எளிதுதான். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தை விட்டால் பச்சையாகும். சிரிஞ்சிலிருந்து இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட, ஒரு கட்டத்தில் சிவப்பாக மாறும். அந்தக் கட்டம்தான் கணக்கு. ஞானராஜ் சொட்டு விடுவார், இசபெல்லா நிறம் பார்ப்பாள். பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து, முகம் கழுவி, தொட்டி முன்னால் உட்கார்ந்து “இன்னும் இல்லீங்க, இன்னும் இல்லீங்க, ஆச்சு” என்று சொல்வாள். வருடக்கணக்காக இது நடந்தது.

ஓசூரில் இருக்கும் மகள் பிளசி முதல் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். இசபெல்லா போய்த் துணையாக இருக்க வேண்டும். பள்ளியில் விடுப்புக்குச் சொல்லிவிட்டாள், துணிமணியையும் எடுத்துவைத்தாள். ஆனால் தன் தங்கையிடம் போனில் பேசும்போது, எங்கே போனாலும் நாலு நாளில் திரும்பி வந்துவிட வேண்டியிருக்கிறது, இவர் தண்ணிக்கு நான்தான் கண்ணு என்று சொன்னாள். சலிப்பாகக்கூடச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கு என்பதைப் போலச் சொன்னாள். அடுத்த அறையில் இருந்த ஞானராஜுக்கு அது சுருக்கென்று பட்டது.

தானாகவே தண்ணீரைச் சோதிக்கும் கருவியைப் பற்றி அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார். மறுவாரம் அது கூரியரில் வந்து இறங்கியது. இட்லிக் குண்டான் அளவு பெட்டி, மெல்லிய குழாய்கள் இரண்டு, உள்ளே தண்ணீரில் நனையும் ஒரு கண்ணாடி முனை. தானே தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், தானே மருந்தைச் சேர்க்கும், விடையைப் போனுக்கு அனுப்பும். நிறம் பார்க்கிற வேலையே அதற்குக் கிடையாது.

இசபெல்லா பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். “என் கண்ணு மேல சந்தேகமாங்க?”

“உன்னை இங்கயே கட்டிப் போட்டுட்டனேன்னு இருந்துச்சு” என்றார்.

கருவியைப் பூட்டி முடித்ததும் போனில் ஒரு கேள்வி வந்து நின்றது. தொட்டித் தண்ணீரின் இன்றைய அளவு என்ன, நீங்களே சோதித்துச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் நான் தொடங்குவேன் என்றது கருவி. ஞானராஜ் போனை அவளிடம் நீட்டினார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு வழக்கம்போல உட்கார்ந்து நிறம் பார்த்துச் சொன்னாள். எட்டு புள்ளி இரண்டு. அவர் அதைப் பதிந்தார்.

அவள் ஓசூருக்குப் போன பிறகு ஞானராஜுக்கு அந்த எண் நல்ல துணையாக இருந்தது. ஏலம் முடிந்து லாரி கிளம்பும் இடைவெளியில் போனை எடுத்துப் பார்ப்பார். எட்டு புள்ளி ஒன்று. எட்டு புள்ளி இரண்டு. அவளுடைய போனிலும் அதே எண் போகும்படி செய்திருந்தார். மாலையில் அவள் கூப்பிட்டு, பிளசிக்குக் கால் வீங்கியிருக்கிறது, மருமகன் நன்றாகச் சமைக்கிறான், தண்ணி எட்டுல நிக்குது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வாள்.

திடீரென்று ஒருநாள் எண் ஏழரைக்கு இறங்கியது. ஞானராஜ் தொட்டியில் காரத்தை ஏற்றும் மருந்தைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார். மறுநாள் ஏழு. இன்னும் ஊற்றினார். போனில் இசபெல்லா கேட்டதற்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதற்கும் மறுநாள் ஆறரை. பவளங்களைக் குனிந்து பார்த்தார். எப்போதும்போல விரிந்துதான் இருந்தன. தண்ணீர் சொல்வது ஒன்று, பெட்டி சொல்வது ஒன்றாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. தண்ணீரில்தான் குறை என்றால் இன்னும் ஊற்ற வேண்டும். பெட்டியில் குறை என்றால், ஊற்ற ஊற்றப் பவளங்களின் நுனி வெந்துபோகும். இதைத் தீர்க்க ஒரே வழி பழைய சோதனைதான்.

அன்று காலையில்தான் பிளசியை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். இசபெல்லாவைப் போனில் கூப்பிட்டு நிறம் கேட்கிற நேரமில்லை அது. மாலையில் அவர் தனியாக உட்கார்ந்து சொட்டு விட்டுப் பார்த்தார். குழாயைக் குழல்விளக்கின் முன்னால் தூக்கிப் பிடித்தார். சேறு. இன்னொரு சொட்டு விட்டார். அப்போதும் அதே சேறு. குழாயைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வீரமணியின் குரல் கேட்டது. பக்கத்து மண்டிக்காரர். ஏலத்தில் இரண்டு பேருக்கும் எப்போதும் போட்டி. நல்ல சரக்கு யார் கைக்குப் போகிறது என்று ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். யாருக்குத் தெரிந்தாலும் இவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் ஞானராஜ் இத்தனை காலம் நினைத்திருந்தார். பிளசியைப் பற்றி விசாரிக்க வந்த வீரமணி நாற்காலியில் உட்கார்ந்து, கையில் என்ன என்று கேட்டார்.

ஞானராஜ் கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார். பிறகு குழாயை நீட்டினார்.

“நான் சொட்டு விடறேன். செவப்பா மாறினதும் சொல்றீங்களா?”

“உங்களுக்கே தெரியுமுங்களே அண்ணா.”

“எனக்குத் தெரியாது வீரமணி. பச்சை, செவப்பு ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். பொறந்ததுல இருந்து அப்படித்தான்.”

வீரமணி சிரிக்கவில்லை. குழாயை வாங்கி விளக்கடியில் பிடித்துக்கொண்டார். சொட்டு விழ விழ, “பச்சைங்க… பச்சைங்க…” என்று சொல்லிக்கொண்டே வந்தார். வெகுநேரம் கழித்து, “இப்ப செவந்துடுச்சுங்க, நல்ல பழம்” என்றார்.

சிரிஞ்சில் மீதமிருந்ததை வைத்து ஞானராஜ் கணக்குப் பார்த்தார். ஒன்பதரை. தண்ணீரில் குறையே இல்லை, அவர்தான் ஊற்றி ஊற்றி ஏற்றியிருக்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்தபோது, தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில் உப்புப் படிந்து பாதி அடைத்திருந்தது. பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு அது குறைவு குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தது. இருவரும் குழாயைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்தார்கள்.

ஊறும்வரை வீரமணி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார், “அப்ப ஏலத்துல தக்காளிப் பெட்டிக்குள்ள கைய வுட்டு, மேல பாத்துட்டு அழுத்துவீங்களே, அது இதுக்குத்தானுங்களா?”

“ஆமா.”

“தொழில் ரகசியம்னு நெனச்சனுங்க. ஆறேழு வருசமா நானும் வூட்ல கண்ண மூடிட்டு அழுத்திப் பாக்கறேன். உங்களாட்டம் வரமாட்டேங்குது.”

ஞானராஜ் சிரித்தார். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. வீரமணியும் சேர்ந்துகொண்டார். மண்டிப் பேச்சு இல்லாமல் அவர்கள் இருவரும் ஒரே அறையில் இவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல்முறை. உள்ளே போய் ஞானராஜே காபி போட்டுக் கொண்டுவந்தார்.

குழாயை மாட்டிச் சோதனையை ஓட்டியதும் போனில் ஒன்பதரை வந்தது. சற்று நேரத்தில் இசபெல்லா கூப்பிட்டாள். பெண் குழந்தை, பிளசி நன்றாக இருக்கிறாள் என்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, “காலைல ஆறரை, இப்ப ஒன்பதரைன்னு காட்டுதே, என்னங்க பண்ணீங்க? யாரு கலர் பாத்தாங்க?” என்றாள்.

“வீரமணி.”

“சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“சொல்லிட்டேன்.”

“நல்லதுங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் உடனே போனை வைக்கவில்லை.

மறுநாள் காலை ஞானராஜ் மண்டிக்குப் போகவில்லை. மீனுக்குத் தீனி போடச் சொல்லி வீட்டுச் சாவியை வீரமணியிடம் கொடுத்துவிட்டு ஓசூர் பஸ் ஏறினார். மருத்துவமனையில் மகளின் நெற்றியில் சிலுவை போட்டார். குழந்தையை மடியில் வாங்கினார். அது கண்ணைத் திறக்காமல் அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. சட்டைப்பையில் போன் அடித்தது. இசபெல்லா எடுத்து அவர் காதில் வைத்தாள்.

“அண்ணா, தீனி போட்டுட்டனுங்க. கல்லுக்குப் பின்னால இருந்து ஒரு மீனு வந்து என்னையே பாத்துட்டு நிக்குது. இன்னும் வேணுங்குதா, இல்ல அப்படித்தானுங்களா?” என்றார் வீரமணி.

“அது அப்படித்தான்” என்றார் ஞானராஜ், குழந்தை எழுந்துவிடாதபடி மெதுவாக.