ஐந்தாவது நிறத்துக்குப் பிறகு

பாலாடைக்கட்டி ஆலையில் வேலை முடிந்து மேவிஸ் நேரே கடைக்கு வந்திருந்தாள். கையில் இன்னும் உப்புநீர் வாடை இருந்தது. ஆர்லீனின் தூண்டில் கடையில் உட்கார ஒரே ஒரு நாற்காலிதான். அதில் பூனை படுத்திருந்தது. பூனையை எழுப்பக்கூட மேவிஸுக்குத் தெம்பில்லை. கண்ணாடிப் பெட்டியின் மேல் முழங்கைகளை ஊன்றி நின்றாள்.

"ரீல் வேணும், ஆர்லீன். ஈய நூலுக்கு. பழசுல பல்லு தேஞ்சு போச்சு."

"நார்பெர்டுக்கா? தோள்ல போட்ட தையலே இன்னும் ஆறியிருக்காதே. அதுக்குள்ள சால்மன் பிடிக்கவா?"

"நீ வேணா போய்ச் சொல்லிப் பாரு. எனக்கு வாய் வலிக்குது."

ஈய நூல் என்பது துணி உறைக்குள் ஈயக் கம்பி ஓடும் தடித்த நூல். படகு மெல்ல ஊர்ந்து இழுக்கும்போது தன் கனத்திலேயே தூண்டிலை ஆழத்துக்குக் கொண்டுபோகும். பத்து கஜத்துக்கு ஒரு நிறம் மாறும். ஏரிக்கரை ஊரான அல்கோமாவில் யாரும் அதைக் கஜத்தில் அளப்பதில்லை. எத்தனை நிறம் விட்டாய் என்றுதான் கேட்பார்கள். மேவிஸின் புருஷன் நார்பெர்ட் பத்து நிறம் விடுகிறவன். அதற்குக் குறைத்து விடுகிறவர்களை அவன் மீன்பிடிக்கிறவர்களாகவே எண்ணியதில்லை.

பத்து நிறத்தின் முனையில் ஒரு கிங் சால்மன் மாட்டினால், நூலின் கனம், மீனின் கனம் இரண்டையும் சேர்த்துத் தோள் இழுக்க வேண்டும். வசந்தத்தில் அந்தத் தோளைத் தைத்த டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "இன்னொரு தடவை கிழிஞ்சா தைக்கறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சமில்ல. அப்புறம் கை சட்டைக்குள்ள சும்மா தொங்கும்." நார்பெர்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆகஸ்டுக்குள் சரியாகிவிடுமா என்றான்.

வரமாட்டேன் என்று மேவிஸ் சொன்னால் தனியாகப் போவான். அதனால்தான் அவள் கடையில் நின்றாள்.

ஆர்லீன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தாள். "மோட்டார் வச்சது. பட்டனை அமுக்கினா அதுவே சுத்திக்கும்."

"அதை ஏரில போட்டுட்டு, பின்னாடியே என்னையும் போடுவான்."

"சரி, இது? எவ்வளவு நூல் போச்சுன்னு எண் காட்டும்."

"ஈய நூலுக்கு அது சரியாக் காட்டாது. பொய் சொல்ல நான் இருக்கேன். ரீலுக்கு வேற தனியாக் காசு குடுக்கணுமா?"

ஆர்லீன் சிரித்துக்கொண்டே ஒரு சின்ன ரீலை நகர்த்தினாள். "அப்ப இதை எடு. அஞ்சு நிறம் கொள்ளும். விடியுற நேரத்துல மீன் மேலயே சுத்துது. அஞ்சு போதும். இழுக்கவும் லேசு."

மேவிஸ் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். திருப்பி நகர்த்தினாள்.

"பெருசே குடு. கைப்பிடி நீளமா, மெதுவா சுத்துறது. அதுல அஞ்சு நிறம் மட்டும் ஏத்து. அடியில கறுத்த நைலானைத் தடிமனாச் சுத்தி, விளிம்பு வரைக்கும் ரொப்பிடு."

"அஞ்சு நிறத்துக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய ரீல்?"

"பத்து மாதிரி தெரியணும்."

"நூல் போறப்ப பாத்துடுவானே."

"அவன் எங்க பாக்கறது."

ஆர்லீனுக்கு அப்போதுதான் உறைத்தது. நார்பெர்டுக்குப் பச்சை, பழுப்பு, சிவப்பு எல்லாம் ஒன்றுதான். பச்சை என்று நினைத்து வாங்கிய பழுப்புப் பெயிண்டில்தான் அவன் படகு இன்னும் மிதந்தது. ஊரில் அதற்கு உருளைக்கிழங்கு என்று பேர். கல்யாணமான நாளிலிருந்து, நூல் இறங்கும்போது நிறங்களை எண்ணிச் சொல்வது மேவிஸ்தான்.

"இது நல்லாயில்ல மேவிஸ்."

"தெரியும். சுத்து."

சனிக்கிழமை விடியலில் மேவிஸும் நார்பெர்டும் படகில் கலங்கரை விளக்கத்தைத் தாண்டினார்கள். தூக்கம் போதாமல் மேவிஸுக்குக் கண் எரிந்தது. ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி கோலின் நுனியைப் பார்த்தாள். நார்பெர்ட் முக்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலை ரீலின் மேல் வைத்தான்.

"நல்ல ரீல். ஆர்லீன் சின்னதை உன் தலையில கட்டப் பாத்திருப்பாளே?"

"பாத்தா."

"சரி, சொல்லு."

"ஒண்ணு." நூல் ஓடியது. "ரெண்டு."

"முன்னெல்லாம் பாட்டு மாதிரி சொல்லுவே."

"முன்னெல்லாம் தூங்கியிருப்பேன். மூணு."

ஐந்தாவது நிறம் தண்ணீருக்குள் போனது. பின்னால் வெறும் நைலான் வந்தது. மேவிஸ் பழக்கத்தின் தாளத்தில் ஆறு, ஏழு என்று சொல்லிக்கொண்டே போனாள். நார்பெர்டின் முகம் ஏரிப் பக்கம் இருந்தது.

"பத்து."

"பத்தா?"

"பத்து."

அவன் ரீலைப் பூட்டினான்.

கொஞ்ச நேரத்தில் கோல் வளைந்தது. அவன் எழுந்து காலை அகட்டி நின்று சுற்றினான். மேவிஸ் மீனைப் பார்க்கவில்லை, அவன் தோளைத்தான் பார்த்தாள். நீளக் கைப்பிடி மெதுவாக, வெட்டி இழுக்காமல் சுற்றியது. மீன் பக்கத்தில் வந்ததும் வலையால் அள்ளினாள். நல்ல கிங்.

"வலிக்குதா?"

"இல்ல." அவன் காபியை ஊற்றிக்கொண்டான். "பத்து நிறத்துலேர்ந்து இவ்ளோ லேசா ஒரு மீன் வந்து நான் பாத்ததில்ல."

"நல்ல ரீல்."

"ரீல் நல்ல ரீல்தான்."

மறுபடியும் நூலை இறக்கினான். அவள் மறுபடியும் எண்ணினாள். "அஞ்சு" என்றதும் கட்டைவிரலை அழுத்தினான். ரீல் நின்றது.

"இங்க வா."

அவள் சுக்கானைக் கயிற்றில் மாட்டிவிட்டு வந்தாள். அவன் அவளுடைய கட்டைவிரலைப் பிடித்து ரீலின் மேல் வைத்தான். சின்னதாக ஒரு முடிச்சு. அதற்கு அடியில் வழுவழுப்பு.

"இது வரைக்கும் துணி மாதிரி சொரசொரன்னு வந்துச்சு. இதுக்கப்புறம் விலாங்கு முதுகு. எனக்குக் கண்ணுக்குத்தான் நிறம் தெரியாது, மேவிஸ்."

ரீலின் அளவு, விளிம்பு, கறுப்பு நைலான் எல்லாவற்றையும் அவள் யோசித்திருந்தாள். அவன் கட்டைவிரலை யோசிக்கவில்லை.

"முதல் தடவையே சொல்ல வேண்டியதுதானே."

"நீ ஆறுன்ன. ஏழுன்ன. எதுவரைக்கும் போறேன்னு பாத்தேன்."

"பத்து வரைக்கும்."

"ஆமா. அசராம பத்து வரைக்கும் போனே."

அவள் முக்காலிக்குப் பக்கத்தில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். "எனக்கு முடியல, நார்ப். உன் ரெண்டு கையும் வேலை செய்யணும். அவ்வளவுதான். ஒரு கைக்காரனைக் குளிப்பாட்ட என் உடம்புல தெம்பில்ல."

அவன் ரீலைப் பூட்டினான். ஐந்திலேயே பூட்டினான்.

"வெயில் ஏறினா மீன் அடிக்குப் போயிடும்" என்றான் பிறகு. "அஞ்சு எட்டாது. அப்ப கரைக்குப் போயிடலாம்."

"நாளைக்கும்?"

"நாளைக்கும் அஞ்சுதான்." தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான். "ஆர்லீனுக்குத் தெரியுமா?"

"அவதானே சுத்தினா."

"அப்ப சரி. நாளைக்கு சர்ச்சுல பூயாக் குழம்பு அண்டாவைச் சுத்தி நிக்கறப்ப ஊருக்கே தெரிஞ்சிடும்."

வெயில் ஏறியது. மற்ற படகுகள் ஆழத்தைத் தேடி வெளியே போக, உருளைக்கிழங்கு மட்டும் கரைப் பக்கம் திரும்பியது. சுக்கானை நார்பெர்ட் பிடித்திருந்தான், மேவிஸ் பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். ரேடியோவில் யாரோ கூப்பிட்டார்கள்.

"நார்ப், அதுக்குள்ள திரும்பிட்டியே? மாட்டுச்சா?"

"ஒரு கிங்."

"எத்தனை நிறத்துல?"

நார்பெர்ட் மைக்கை மேவிஸிடம் நீட்டினான்.

"நீயே சொல்லு. எண்ணுறது உன் வேலை."

அவள் கண்ணைத் திறக்காமலே வாங்கி, பட்டனை அமுக்கினாள்.

"பத்து" என்றாள்.