நாற்பத்தெட்டு வராத வளையம்

மூன்று நாளாக நாற்பத்தெட்டு வரவில்லை. நாற்பத்து மூன்றிலேயே நின்றது.

மதகடிப்பட்டுக்கு அருகில், வண்டி எஞ்சினுக்கு ஊற்றும் கூலன்ட் தயாரிக்கிற கம்பெனி அது. அதற்காக வாங்கும் கிளைக்கால் என்ற திரவம் சுத்தமானதுதானா என்று பார்ப்பது உஷாராணியின் வேலை. மெல்லிய பிளாட்டின வளையத்தைத் திரவத்தில் முக்கி மெதுவாகத் தூக்கினால், மேற்பரப்பு அதை விடாமல் இழுக்கும். அது அறுந்து விடுபடுகிற நேரத்தில் கருவி காட்டும் எண்தான் பரப்பு இழுவிசை. நல்ல கிளைக்காலுக்கு நாற்பத்தெட்டு.

போன மாதம் சரியாக வந்த பழைய டிரம்மிலும் எடுத்துப் பார்த்தாள். அதே நாற்பத்து மூன்று. அப்படியானால் கோளாறு வளையத்தில்தான். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் அவள். தொலைந்தால் அவள் வேலை போகும்.

கண்ணாடிச் சாமான் கழுவுகிற வள்ளியம்மை போன வாரம் கேட்டிருந்தாள், இது தங்கத்தைவிட ஒசத்தியா என்று. மறுநாளிலிருந்து உஷாராணி வளையத்தை அவளிடம் கொடுக்கவில்லை. தானே கைக்குட்டையால் துடைத்து, நகைக்கடை ரோஸ் தாளில் மடித்து, பர்சில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோனாள்.

ஆனால் அதற்கு முந்தின சாயங்காலமே வள்ளியம்மை வேறு வளையத்தை மாற்றி வைத்திருந்தால்? வள்ளியம்மையின் காதில் புதுத் தோடு வேறு மின்னியது. அவள் சாப்பிடப் போனபோது உஷாராணி அவள் பையைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. விற்றிருப்பாள், பையிலா வைத்திருப்பாள் என்று தோன்றியது.

கடைசியில், வளையத்தை மாற்றினாயா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டே விட்டாள்.

வள்ளியம்மை கையிலிருந்த பீக்கரைக் கவிழ்த்து வைத்தாள். “நெருப்புல காட்டுங்க மேடம். வேற கம்பின்னா கருத்துப்பூடும். இத்தினி நாளா கழுவி நான்தான காட்டிக்கினு இருந்தேன், ஒருநாளாவது கருத்துச்சா?”

உஷாராணி பர்னரைப் பற்றவைத்தாள். வளையம் சிவந்தது. ஆறியதும் வெள்ளை வெளேரென்று இருந்தது. முக்கித் தூக்கினாள். நாற்பத்தெட்டு.

ரோஸ் தாளை விரித்தாள். நடுவில் ஒரு பிசுக்கு. முகர்ந்தால் தேங்காய் எண்ணெய். வளையத்தில் ஒட்டியிருந்தது நெருப்பில் எரிந்துபோயிருக்கிறது. தினமும் காலையில் தலைக்குத் தடவிய கையோடு, இருக்கிறதா என்று பஸ்ஸில் இரண்டு முறை தொட்டுப் பார்த்திருந்தாள். நெருப்பில் காட்டுவது எப்போதும் வள்ளியம்மையின் வேலையாக இருந்ததால், அது அவள் நினைவுக்கே வரவில்லை.

வளையத்தை எடுத்து நீட்டினாள். வள்ளியம்மை கையை நீட்டவில்லை. இடுக்கியை நீட்டினாள்.

“கையால தொடாதீங்க மேடம்.”

சாயங்காலம் கிளம்பும்போது வள்ளியம்மை, யாரும் கேட்காமலே தன் பையை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு நின்றாள். மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும்.