சம்பந்தியின் பதினோரு கோப்புகள்

எண்ணிப் பார்க்காமல் எதையும் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அல்ல பதிவாளர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நாற்காலி தேய உட்கார்ந்தவர். ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் பதிவாளர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை புதுக் கணினியோடும் மகளோடும் வந்து இறங்கியபோது, பழைய கணினிக்குள் மொத்தம் எத்தனை கோப்புகள் என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொண்ட பிறகுதான் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"ஆறாயிரத்து நானூத்திப் பதினெட்டு. அங்கேயும் இதே கணக்கு வரணும் மாப்பிள்ளை."

"வந்துடும் மாமா. ஒண்ணு குறைஞ்சாலும் நான் பொறுப்பு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பதிவாளர் சிரிக்கவில்லை. பொறுப்பு என்ற சொல்லை அவ்வளவு லேசாக வாயில் போட்டுக்கொள்பவர்களை அவர் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறார்.

பழைய கணினி ஜன்னலோர மேசையில் இருந்தது. பத்து நிமிடம் ஓடினால் மூச்சு வாங்கும், இருபது நிமிடம் ஓடினால் உறுமும். ஆனால் குடும்பம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. வீட்டுப் பத்திரம், மகளின் பள்ளிச் சான்றிதழ்கள், கல்யாணப் படங்கள், வந்த கடிதம், போன கடிதம் என்று ஒவ்வொரு காகிதத்தையும் ஸ்கேன் செய்து பெயரிட்டு வைத்திருந்தார். பெயரிடுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஒருவருக்கு உரிய பட்டம், பதவி எதையும் விழுங்கக் கூடாது. எல்லாவற்றையும் தாங்கிய பெரிய ஃபோல்டரின் பெயர் ‘ஓய்வுபெற்ற முதுநிலைப் பதிவாளர் அவர்களின் குடும்ப ஆவணங்கள்’. அதற்குள் தம்பிக்கு ‘தம்பி’ என்பதே போதும், அவன் வயதில் சின்னவன். சம்பந்திக்கு அப்படி வைக்க முடியுமா? ‘பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர், பொறியாளர் சங்க முன்னாள் துணைத்தலைவர் அவர்கள்.’

மாப்பிள்ளை இரண்டு கணினிகளையும் ஒரு கம்பியால் இணைத்தார். பச்சைக் கோடு ஒன்று நத்தையாக ஊரத் தொடங்கியது. பதிவாளர் கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். கண் தாளில், காது அறைக்குள்.

பதினோரு மணிக்கு மூக்குக்கண்ணாடி உறையைத் தேடுகிற சாக்கில் உள்ளே போனார். மாப்பிள்ளை சட்டென்று திரையிலிருந்த ஒரு சின்னக் கட்டத்தை மூடினார்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல மாமா. அது பாட்டுக்கு எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கும்."

அரை மணி கழித்து மறுபடி எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை செல்பேசியைத் தூக்கிப் பிடித்துத் திரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டு யாருக்கோ அனுப்பினார். பதிவாளர் கதவோரத்திலிருந்து ஓசைப்படாமல் பின்வாங்கினார். நம் வீட்டுக் காகிதத்தில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? அதை இன்னொருவருக்கு அனுப்ப என்ன இருக்கிறது?

பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளை சோம்பல் முறித்தபடி வெளியே வந்தார். "முடிஞ்சது மாமா. பழசை இன்னைக்கே நான் எடுத்துட்டுப் போயிடறேன். உள்ளே இருக்கறதை முழுசாத் துடைச்சுட்டு, பழைய சாமான் எடுக்கறவங்ககிட்ட குடுத்துடலாம்."

"இன்னைக்கேவா?"

"கார் இருக்குல்ல. இன்னொரு நடை எதுக்கு?"

அந்த அவசரம் பதிவாளருக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் நோட்டோடு அறைக்குள் போனார். புதுக் கணினி சொன்ன கணக்கு, ஆறாயிரத்து நானூற்று ஏழு.

"என்னங்க, சாப்பிட வரலையா?" என்று மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"எண்ணிக்கிட்டிருக்கேன்."

"எண்ணுங்க, எண்ணுங்க. நீங்க இல்லாம நாலு வாய் சாப்பிட்டோம்னு அதையும் அந்த நோட்டுல எழுதிடுங்க."

அவர் நிமிரவில்லை. இங்கே ஒரு ஃபோல்டர், அங்கே அதே ஃபோல்டர் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார். தம்பியுடையது சரி. வீட்டுப் பத்திரம் சரி. கல்யாணப் படங்கள் எழுநூற்றுச் சொச்சமும் சரி. மூன்றரை மணிக்குச் சம்பந்தியின் ஃபோல்டருக்கு வந்தார். பழையதில் பதினொன்று, புதியதில் ஒன்றுகூட இல்லை.

பதினொன்றில் பத்து, வெறும் நலம் விசாரிப்பும் வாழ்த்தும்தான். பதினொன்றாவதுதான் முக்கியமான கடிதம். எட்டு ஆண்டுகளுக்கு முன், மகளின் கல்யாணத்தன்று, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பதிவாளரின் அண்ணனை, "இது எங்க ஆளுங்களுக்குப் போட்ட நாற்காலி" என்று சொல்லி எழுப்பிவிட்டார் சம்பந்தியின் தம்பி. அண்ணன் சாப்பிடாமலே போய்விட்டார். அது பதிவாளரின் நெஞ்சில் முள்ளாக நின்றது. எட்டாம் நாள் சம்பந்தி கைப்பட எழுதிய மன்னிப்புக் கடிதம் வந்தது. அதன் கடைசி வரி, ‘இது நம் இருவரோடு இருக்கட்டும், பிள்ளைகள் காதுக்குப் போக வேண்டாம்.’ காகிதம் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி நனைந்து கூழாகிவிட்டது. ஸ்கேன் செய்தது மட்டும்தான் மிச்சம். பதிவாளர் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தார். மனைவிக்குக்கூட அந்தக் கடிதத்தைக் காட்டியதில்லை.

அப்படியிருக்க, ஆறாயிரத்தில் சரியாக அந்தப் பதினொன்று மட்டும் எப்படி விட்டுப்போகும்? சம்பந்திதான் மகனிடம் சொல்லியிருக்க வேண்டும். பழைய பெட்டி போகிறது, கடிதம் அதோடு போகட்டும் என்று அப்பாவும் பிள்ளையும் பேசி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். மூடிய கட்டம், எடுத்த படம், இன்றைக்கே என்ற அவசரம், எல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்றன. முதலில் வாக்கை மீறியது அந்தப் பக்கம்தான் என்று தோன்றியதும் பதிவாளரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

ஐந்து மணிக்கு மாப்பிள்ளை பழைய கணினியின் கம்பியைக் கழற்றக் குனிந்தார்.

"அதுல கை வைக்காதீங்க."

மாப்பிள்ளை குனிந்த வாக்கிலேயே திரும்பிப் பார்த்தார். குரலைக் கேட்டு மகளும் மனைவியும் வந்துவிட்டார்கள்.

"பதினோரு கோப்பு குறையுது மாப்பிள்ளை. பதினொண்ணும் உங்க அப்பாவோடது."

"அப்படியா?" மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார். "காலையில சிலது போகலைன்னு சொல்லிச்சு. தாண்டிப் போன்னு அழுத்திட்டேன். அப்புறமாச் சொல்லலாம்னு இருந்து மறந்தே போயிட்டேன் மாமா."

"மறந்துட்டீங்க. பெட்டியை எடுத்துட்டுப் போகணும்கறது மட்டும் மறக்கல."

"அப்பா!" என்றாள் மகள்.

"நீ இரும்மா. அவர் அப்பா மன்னிப்புக் கேட்டு எழுதின கடிதம் அதுல இருக்கு. அது இல்லாம ஆக்கணும்னு இவங்களுக்கு இருந்தா நேரா என்கிட்ட கேட்டிருக்கலாம். இப்படித் திருட்டுத்தனமா வேண்டாம்."

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. நாற்காலியை இழுத்துப் பதிவாளர் பக்கம் திருப்பினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

"நான் தொடல. நீங்களே உட்காருங்க. நீங்களே எடுத்துப் போடுங்க. என்ன சொல்லுதுன்னு நீங்களே படிங்க."

பதிவாளர் உட்கார்ந்தார். சம்பந்தியின் ஃபோல்டரை எடுத்துப் புதியதில் போட்டார். காலையில் மூடப்பட்ட அதே சின்னக் கட்டம் எழுந்து வந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். மறுபடி படித்தார்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் மனைவி.

"பேரு... ரொம்ப நீளமா இருக்காம். இந்த இடத்துல வைக்க முடியாதாம். சுருக்கிட்டு வரச் சொல்லுது."

"மேலே இருக்கற ஃபோல்டர் பேரு, அதுக்குள்ள இருக்கற பேரு, கோப்போட பேரு, எல்லாத்தையும் சேர்த்து ஒரு அளவு வச்சிருக்கும்," என்றார் மாப்பிள்ளை, சுவரைப் பார்த்தபடி. "புதுசுல நான் இன்னும் ஒரு ஃபோல்டருக்குள்ள போட்டேன், அளவு தாண்டிடுச்சு. எங்கப்பாவுக்குத்தான் இருக்கறதுலயே நீளமான பேரு. அதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், உங்க சம்பந்தி உங்களை எந்த உயரத்துல வச்சிருக்கார் பாருங்கன்னு." சற்று நிறுத்தினார். "எந்தக் கடிதம் மாமா?"

பதிவாளர் திரையிலிருந்து நிமிர்ந்தார்.

"அப்பா யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்ல. எதுக்குக் கேட்டார்?"

மாப்பிள்ளைக்கு எதுவுமே தெரியாது. சம்பந்தி சொல்லவே இல்லை. எட்டு ஆண்டுகள் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. திறந்தது தான்தான், அதுவும் அவர் பிள்ளையின் முகத்துக்கு நேரே, தன் பெண்ணையும் பெண்டாட்டியையும் வைத்துக்கொண்டு. பதிவாளருக்குக் காது இரண்டும் சுட்டன. இதை வேறு யாராவது செய்திருந்தால் அந்த வீட்டு வாசலை அவர் மறுபடி மிதித்திருக்க மாட்டார்.

"நான் சந்தேகப்பட்டது தப்பு மாப்பிள்ளை," என்றார். "அதைவிடப் பெரிய தப்பு இப்ப சொன்னது. உங்க கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது. கொஞ்சம் இருங்க."

செல்பேசியை எடுத்து எழுந்து நின்றார். சம்பந்தியோடு பேசும்போது அவர் எப்போதும் நின்றுகொண்டுதான் பேசுவார்.

"வணக்கம் சம்பந்தி," என்ற குரல் அந்தப் பக்கம் குஷியாக இருந்தது. "காலையில பையன் படம் அனுப்பினான். என் பேருக்கு முன்னாடி இத்தனை இருக்குன்னு நானே இன்னைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன்!"

"சம்பந்தி, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் பண்ணினேன்." எதையும் பூசி மெழுகாமல் சொன்னார். சந்தேகப்பட்டது, எண்ணியது, எல்லோர் எதிரிலும் கடிதத்தின் பேச்சை எடுத்தது, எல்லாம். சொல்லி முடித்ததும் சம்பந்தி கேட்டார்.

"அதை இன்னுமா வச்சிருக்கீங்க?"

"ஆமா."

"எதுக்கு?"

ஆவணம் என்றால் பாதுகாக்க வேண்டும் என்று ஆயிரம் பேரிடம் சொன்ன வாய். இந்த ஒருவரிடம் அது வரவில்லை.

"என்னைக்காவது தேவைப்படும்னு."

"சரி. இன்னைக்குத் தேவைப்பட்டுடுச்சு." குரலில் கோபமில்லை, குஷியும் இல்லை. "பையன்கிட்ட குடுங்க."

மாப்பிள்ளை செல்பேசியை வாங்கிக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போய்விட்டார். மகள் அப்பாவைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரைச் சுருக்குங்களேன்ப்பா. வெறும் சம்பந்தின்னு போட்டா ஆகாதா?"

"அவர் பேருல ஒரு எழுத்தைத் தொட எனக்கு இன்னைக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்றார். புதியதில் தன் பதவியைத் தாங்கியிருந்த பெரிய ஃபோல்டரைத் தேடிப் பிடித்தார். ஓய்வுபெற்ற என்பதை எடுத்தார். முதுநிலை போயிற்று, பதிவாளர் போயிற்று, அவர்களின் போயிற்று. ‘வீடு’ என்று இரண்டே எழுத்தில் தட்டினார். மறுபடி சம்பந்தியின் ஃபோல்டரை எடுத்துப் போட்டபோது கட்டம் எதுவும் எழவில்லை. அத்தனை பட்டங்களோடும் சம்பந்தி ஒரு குறையுமில்லாமல் உள்ளே வந்து சேர்ந்தார்.

மாப்பிள்ளை திரும்பி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. செல்பேசியை மேசைமேல் வைத்தார்.

"அப்பா எல்லாம் சொல்லிட்டாரு. அன்னைக்குச் சித்தப்பா பண்ணினது எனக்குத் தெரியாது மாமா. தெரிஞ்சிருந்தா உங்க அண்ணன் வீட்டுக்கு நானே போயிருப்பேன்." புதுக் கணினியைக் காட்டினார். "புதுசுல பத்து போதும்னு சொல்லச் சொன்னாரு."

பதிவாளர் பதினொன்றாவதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினார். திறந்து பார்க்கவில்லை. அழித்தார். நிச்சயமாகவா என்று கணினி கேட்டதற்கு ஆமாம் என்றார். பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாகத் தானே கழற்றி, பழைய பெட்டியை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. துடைச்சுடுங்க."

"விடுங்க மாமா, நான் தூக்கிக்கறேன்."

"ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்."

ஒரே ஆள் இடுப்பில் வைத்துக்கொண்டு போகக்கூடிய பெட்டி அது. இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டு, நிலைப்படியில் ஒருவர் தோளை ஒருவர் இடித்து, யார் முதலில் போவது என்று தெரியாமல் தடுமாறினார்கள்.

"பார்த்து, பார்த்து," என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் சேர்ந்து கதவைப் பேர்த்துடாதீங்க."

"நீங்க முன்னாடி போங்க மாப்பிள்ளை," என்றார் பதிவாளர்.