ஆகிலுக்குப் பிடித்த பாடம்

வாப்பா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ஹூஸ்டனிலிருந்து உம்மாவின் தம்பி மஹ்மூது மாமா பேசிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் டாக்டர் படிப்பைப் பற்றி விவரம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் டாக்டரில்லை, ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர்.

"இங்க பிளஸ் டூ முடிச்சதும் நேரா டாக்டருக்குப் போக முடியாது மச்சான். முதல்ல நாலு வருஷம் டிகிரி. அதுல கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் எல்லாம் லேபோட முடிச்சிருக்கணும். மார்க் நல்லா இருக்கணும். மத்தபடி மேஜர் எதா இருந்தாலும் பரவாயில்ல."

மாமா சொன்னது அத்தனையும் சரி. வாப்பாவின் காதில் தங்கியது கடைசி வரி மட்டும். அதுவும் தங்காமல் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இது இரண்டாயிரத்து ஆறில். ஊரில் மெடிக்கல் சீட் எனக்கு எட்டாது என்று ரிசல்ட் வந்ததுமே தெரிந்துவிட்டது. அதனால்தான் டிகிரி முடித்து, பிறகு அமெரிக்காவில் மெடிக்கல் காலேஜுக்கு விண்ணப்பிப்பது என்ற இந்தச் சுற்றுவழி. வாப்பாவுக்கு அமீரகத்தில், அல் ஐன் சூக் கடைத்தெருவில் துணிக்கடை. கௌஸ் முகைதீன் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். "என் மக நஜீஹா டாக்டராகப் போறா" என்று துணி எடுக்க வரும் அரபிப் பெண்களிடம்கூடச் சொல்லி வைத்திருந்தார். பெருமைக்குக் குறைச்சலே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். படிக்க வேண்டாம் என்கிற வாப்பாவோடு சண்டை போடலாம். படி, படி என்று சொல்லிக்கொண்டே குறுக்கே நிற்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

எனக்குக் கெமிஸ்ட்ரி வேண்டும். டாக்டராகப் போகிறவள் பயாலஜிதானே எடுக்கணும் என்று கேட்காத ஆளில்லை. பயாலஜியில் நான் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன், கெமிஸ்ட்ரியில் புரிந்து வாங்கினேன். நாலு வருஷம் மார்க் குறையாமல் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் புரிகிற பாடம்தான் கைகொடுக்கும். மெடிக்கல் காலேஜ் கேட்கிற ஆர்கானிக், பயோகெமிஸ்ட்ரி எல்லாம் அந்த மேஜருக்குள்ளேயே வந்துவிடும். இதை வீட்டில் தொண்டை வற்றச் சொல்லிவிட்டேன். யாரும் மறுக்கவில்லை. "சரி, ஆகில் என்ன எடுக்குறான்?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஆகில் என்னோடு கூடப் பிறந்தவன், இரட்டை. அவனுக்கு எந்தப் பாடத்தின் மீதும் பிரியமும் கிடையாது, பகையும் கிடையாது. ஆனால் அவனுக்கு விசா பிரச்சினை இருந்தது. பெண் பிள்ளைக்கு அந்தக் கவலையில்லை, கல்யாணம் ஆகும்வரை வாப்பாவின் விசாவிலேயே இருந்துகொள்ளலாம். பையன் பதினெட்டைத் தாண்டினால் ஏதாவது காலேஜில் படிக்கிறான் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் கலாஸ், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகிலின் விசா செப்டம்பரில் முடிகிறது. ஆகவே வீட்டில் அவசரமெல்லாம் அவனுக்கு, ஆசையெல்லாம் எனக்கு.

நாங்கள் பார்த்து வைத்திருந்த காலேஜ் ஷார்ஜாவில், முவைலாவுக்குப் பக்கத்தில். அல் ஐனிலிருந்து தினமும் போய்வரத் தூரம்தான். ஹாஸ்டல் என்ற சொல்லை எடுத்ததுமே உம்மா காதைப் பொத்திக்கொண்டார். கெமிஸ்ட்ரியில் தட்டுத்தடுமாறிக் கரையேறிய ஆகில், டிரைவிங் டெஸ்டில் மட்டும் முதல் தடவையிலேயே பாஸ். அதோடு என் தலையெழுத்தை எழுதி முடித்துவிட்டார்கள்.

"அவன் வண்டி ஓட்டுவான். ரெண்டு பேரும் ஒரே கோர்ஸா எடுத்துட்டா ஒண்ணாப் போய் ஒண்ணா வந்துரலாம். மஃரிப் தொழுகைக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து சேரணும், அவ்ளோதான்" என்றார் வாப்பா. உலகத்திலேயே எளிமையான விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாஸ்கர் சாரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் கெமிஸ்ட்ரி எடுத்தவர். கீழக்கரை வழக்கப்படி பெரிய சஹன் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, வாப்பா, சார், ஆகில் மூவரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் அடுப்படி வாசலில் தாளிச்சா வாளியோடு நின்றிருந்தேன்.

"நஜீஹா கெமிஸ்ட்ரி எடுக்கட்டும் சார். கண்ண மூடிக்கிட்டு விடலாம்" என்றார் பாஸ்கர் சார். எனக்கு அப்படியே போய் சஹனில் அவர் பக்கமாக இன்னும் ரெண்டு துண்டு கறி வைக்க வேண்டும் போலிருந்தது.

"ஆகிலுக்கும் அது சரி வருமா சார்?" என்றார் வாப்பா.

சார் சோற்றைப் பார்த்தார். பிறகு ஆகிலைப் பார்த்தார். ஆகில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும் வேற வேற பிள்ளைங்க சார்" என்றார் மெதுவாக.

"ஆமா, ஆமா" என்று வாப்பா பலமாகத் தலையாட்டினார். "அதான் ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு பாருங்கன்றேன்."

சார் மறுபடி சோற்றில் கையை வைத்தார். பேசியும் பிரயோஜனமில்லை என்று தாளிச்சா வாளிக்கே தெரிந்திருக்கும்.

சாயங்காலம் ஆகிலைப் பிடித்தேன். கட்டிலில் மல்லாந்து மொபைலில் ஏதோ கேம் விளையாடிக்கொண்டிருந்தான்.

"டேய், வாப்பா கேட்டா கெமிஸ்ட்ரின்னு சொல்லு."

"எனக்கெதுக்கு கெமிஸ்ட்ரி? ஆர் யூ மேட்?"

"அசைன்மெண்ட் எல்லாம் நான் எழுதித் தர்றேன். லேப் ரிப்போர்ட்டும். நாலு வருஷமும்."

கேமை நிறுத்தினான். "ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ். நீ பேருக்கு வந்து உட்கார்ந்தாப் போதும்."

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது ஆகில் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குக் கெமிஸ்ட்ரியில் இன்ட்ரஸ்ட் வந்திருப்பதாகச் சொன்னான். வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடைக்கு லாட்டரி விழுந்ததுபோல உம்மாவைக் கூப்பிட்டார். "ஜுலைஹா, கேட்டியா? உன் மகனுக்கு கெமிஸ்ட்ரி புடிச்சிருக்காம்!" மூன்று மாதமாக நான் தினமும் சொல்லிவந்த அதே சொல். என் வாயிலிருந்து வந்தபோது அது அடம், அவன் வாயிலிருந்து வந்ததும் அது முடிவு. எரிச்சலாக இருந்தது. ஆனாலும் கெமிஸ்ட்ரி கிடைத்துவிட்டதே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் மூவருமாக ஷார்ஜாவுக்குப் போனோம். அட்மிஷன் கவுண்ட்டரில் ஒரு மலையாளி மேடம். எங்கள் மார்க் ஷீட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். தமிழ் ஓரளவு வந்தது.

"மகளுக்கு கெமிஸ்ட்ரி கிட்டும் சார். நல்ல மார்க். மகனுக்கு கிட்டாது. கெமிஸ்ட்ரியில மார்க் ரொம்பக் குறைவு. அவனுக்கு பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்ல சீட் உண்டு."

இதை நான் யோசிக்கவே இல்லை. அவனைப் பேச வைத்துவிட்டேன், அவன் மார்க்கை என்ன செய்ய முடியும்? வாப்பா கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு முகம் தெளிந்தது.

"அப்ப ரெண்டு பேருக்கும் பிசினஸே போட்டுருங்க மேடம்."

"வாப்பா!" என்றேன். "நான் மெடிக்கலுக்குப் போகணும்."

"போகத்தான் போற. யாரு வேணாம்னது? மேஜர் எதா இருந்தாலும் பரவாயில்லன்னு மாமாவே சொன்னாகல்ல?"

"சயின்ஸ் பாடமெல்லாம் லேபோட முடிச்சிருக்கணும்னும் சொன்னாக வாப்பா. கெமிஸ்ட்ரில அதெல்லாம் உள்ளயே வந்துரும். பிசினஸ்ல ஒண்ணொண்ணா வெளியில எடுத்து எப்படி முடிக்கிறது?"

"முடிக்கலாம் மா, முடிக்கலாம். நீ கெட்டிக்காரி." பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். "லேபு சாயங்காலம் வரைக்கும் இருக்குமாமே. ஆகில் கிளாஸ் மத்தியானமே முடிஞ்சிரும். நீ எப்படி வருவே?"

"ஆகில் வெயிட் பண்ணட்டும். லைப்ரரி இருக்கு."

வாப்பா அவனிடம் திரும்பினார். "வெயிட் பண்ணுவியாடா?"

நானும் அவனைப் பார்த்தேன். என் நாலு வருஷம் ஒரு சோம்பேறியின் நாக்கு நுனியில் நின்றது. இனிமேல் அவனுக்கு அசைன்மெண்ட் எழுத ஆள் தேவையில்லை, பிசினஸை அவனே ஒப்பேற்றிவிடுவான் என்பது எனக்குப் புரிந்த அதே நொடியில் அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"டெய்லியா?" என்றான். "முடியாது வாப்பா. இட்ஸ் டூ லாங்."

எனக்குக் கண்மண் தெரியவில்லை. "அப்ப நான் படிக்கவே இல்ல, போங்க!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தினால் வாப்பா பதறுவார், என்னைச் சமாதானப்படுத்துவார், கடைசியில் இறங்கி வருவார் என்றுதான் நினைத்தேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் நடந்திருக்கிறது.

வாப்பா பதறவில்லை. வருத்தமாகத்தான் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு கவுண்ட்டர் பக்கம் திரும்பினார்.

"சரி மேடம், அப்ப இவனுக்கு மட்டும் போட்டுருங்க. அவளுக்கு அவசரமில்ல. விசா இருக்கு."

மேடம் என்னைப் பார்த்துக்கொண்டே என் மார்க் ஷீட்டைத் தனியாக எடுத்து நீட்டினார். வாப்பா அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். அது உள்ளே போய்விட்டால் மறுபடி எப்போது வெளியே வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தேன்.

"பிசினஸே எடுத்துக்கிறேன் வாப்பா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமான சந்தோஷம். மார்க் ஷீட்டை மறுபடியும் கவுண்ட்டரில் வைத்து, என் தலையைத் தடவிக்கொண்டே மேடத்திடம் சொன்னார்.

"என் மக டாக்டராகப் போறா மேடம். இது சும்மா, முதல் நாலு வருஷம்."