எண்ணிக்கொண்டே இருந்த பக்கம்

வில்லியம்ஸ் லேக் ஊரில், ரோடியோ என்னும் குதிரை விளையாட்டு நடக்கும் மைதானத்து அலுவலகத்தில் அன்று மத்தியானம் வாங்கி வைத்த காபியைக் குடிக்கக்கூட ஒருத்தருக்கும் நேரமில்லை. வடக்கு மலையில் காட்டுத் தீ. பள்ளத்தாக்குப் பண்ணைகளிலிருந்து குதிரை, மாடு எல்லாம் வெளியேறியாக வேண்டும். எந்த லாரி எந்தப் பண்ணைக்குப் போகிறது என்று காட்டும் இணையதளத்தை மார்லிஸும் ட்ரெண்டும் சேர்ந்து ரெயில்ஸ் என்ற மென்பொருளில் எழுதியிருந்தார்கள். சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரர் அதைத் திறந்து பார்ப்பார். டிரைவரின் பெயர் அதில் இருந்தால்தான் லாரியை உள்ளே விடுவார். அந்தப் பாழாய்ப்போன பக்கம்தான் இப்போது திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"நம்ம டிரைவர் போய்ட் தடுப்புலயே நிக்கிறாரு!" என்று கத்தினாள் லாரிகளை அனுப்பும் வில்மா. "ரேடியோல நானே சொல்லிப் பாத்துட்டேன். ஸ்க்ரீன்ல பேர் வந்தாத்தான் விடுவேங்கிறான் அந்தப் போலீஸ்காரப் பையன்."

மார்லிஸ் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். போய்டின் லாரி போகவேண்டியது அவளுடைய அக்கா ஜனெலின் பண்ணைக்கு. குதிரைகளை விட்டுவிட்டு ஜனெல் ஓரடி நகரமாட்டாள், அப்படியொரு பிடிவாதக்காரி. தீ ஓடையைத் தாண்டினால் சாலையை மூடிவிடுவார்கள். அப்புறம் லாரியாவது, அக்காவாவது!

"ட்ரெண்ட், ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்தனியா டேட்டாபேஸுக்கு ஓடுதோ மறுபடியும்?"

"சான்ஸே இல்ல. நான்தான் இன்க்லூட்ஸ் போட்டு வச்சிருக்கேனே!"

அது உண்மைதான். முன்பெல்லாம் அந்தப் பக்கம், வெங்காயத்துக்கு ஒரு தடவை, தக்காளிக்கு ஒரு தடவை என்று கடைக்கு ஓடுகிற மாதிரி, ஒவ்வொரு பண்ணையின் விலங்குகளையும் தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாப் பண்ணையின் விலங்குகளையும் ஒரே மூட்டையாக அள்ளி வரும்படி, இன்க்லூட்ஸ் என்ற கட்டளையைப் போட்டு, ட்ரெண்ட்தான் குளிர்காலத்தில் மாற்றினான். அந்தப் பெருமை இன்னும் அவன் தலையைவிட்டு இறங்கவில்லை.

"இருக்கட்டும், லாக் ஃபைலைத் திற," என்றாள் மார்லிஸ்.

தரவுத்தளத்திடம் பக்கம் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் அந்தப் பதிவேட்டில் வரிவரியாக விழும். முதலில் பண்ணைகள், அடுத்து விலங்குகள், பிறகு லாரிகள். அத்தனையும் ஒழுங்கு. அதற்குப் பிறகு பார்த்தால், அம்மாடி! ஒரே மாதிரி வரிகள் நிற்காமல் கொட்டின.

"இங்க வா. இது என்ன அருவி?"

ட்ரெண்ட் குனிந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "கவுண்ட்... பண்ணைக்கு எத்தனை விலங்குன்னு வில்மா ஒரு கட்டம் கேட்டாங்கள்ல, அதுக்குப் போட்டது."

"அட மடையா! அதான் எல்லாத்தையும் கொண்டுவந்து கையில குடுத்தாச்சே! கவுண்ட்னு சொன்னா கையில இருக்கறத அது திரும்பிக்கூடப் பாக்காது. ஒவ்வொரு பண்ணைக்கும் மறுபடி டேட்டாபேஸுக்குப் போய்த்தான் எண்ணிட்டு வரும். கையில இருக்கறத எண்ண சைஸ்னு போடணும்டா, சைஸ்!"

"தெரியும்டி! தெரிஞ்சுதான்... ஐயோ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான் ட்ரெண்ட். நாலு பண்ணையை வைத்துச் சோதித்தபோது ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்குப் பள்ளத்தாக்கே திரண்டு வந்து அதே பக்கத்தைத் தட்டியதும் தரவுத்தளம் மூச்சு முட்டிப்போனது.

கவுண்ட் என்ற வார்த்தையை சைஸ் என்று மாற்றினான். "டெஸ்ட் எல்லாம் ஒருதடவை ஓடட்டும், அப்புறம்..."

"ஒரு வார்த்தைக்கு டெஸ்டா? எங்க அக்கா உள்ள இருக்காடா! சர்வர்ல ஏத்து!"

ஏற்றினான். மார்லிஸ் பக்கத்தை மறுபடி திறந்தாள். பொசுக்கென்று வந்து விழுந்தது அத்தனை பண்ணையும்! லாக்கில் சில வரிகள் வந்தன, நின்றன. அருவியைக் காணோம்.

"பேர் வந்துடுச்சாம்!" வில்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "போய்டை விட்டுட்டான்! பின்னாடி நின்ன எல்லாரையும் விடுறான்!"

ட்ரெண்ட் மேசைமேல் தாளம் போட்டான். மார்லிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனால் பள்ளத்தாக்குக்குள் போனதும் போய்டின் ரேடியோ அடங்கிவிட்டது. ஜனெலும் போனை எடுக்கவில்லை. மார்லிஸ் ஜன்னலுக்கும் திரைக்குமாக நடந்தாள். வெளியே வானம் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது.

கடைசியில் போன் அடித்தது. லாரியின் இரைச்சலுக்கு நடுவே அக்காவின் குரல்.

"எல்லாக் குதிரையும் ஏறிடுச்சுடி. தடுப்பைத் தாண்டிட்டோம். எங்களுக்குப் பின்னாடியே ரோட்டை மூடிட்டாங்க. நாங்கதான் கடைசி."

மார்லிஸ் போனைக் காதோடு அழுத்தியபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏய், லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா," என்றாள் மார்லிஸ். "நீ இருக்கியே, அது போதும்."