அப்பா சட்டைப் பையிலிருந்த சாவி

“பெட்டியைத் திறங்க.”

உறுமி மேளம் நின்றது. மூடியின் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து லோஷினியைப் பார்த்தான். மூடிய பெட்டியைத் திறக்கச் சொல்லக் கூடாது. அதுவும் பொம்பளைப் பிள்ளை சொல்லவே கூடாது. நேற்று அப்பாவின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து, வந்தவர் போனவர் எல்லாரும் அவளுக்கு எது எது கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் நானே கொள்ளி வைப்பேன் என்று சண்டை போட்டு, அந்த ஒன்றை மட்டும் வாங்கியிருந்தாள்.

“மொகம் பாக்கணும்னா அப்பவே பாத்திருக்கலாம்ல,” என்றாள் அம்மா செல்லம். குரல் அழுது அழுது தேய்ந்திருந்தது.

“மொகம் வேணாம்மா. ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்த வேன் சாவிய அப்பா சட்டைப் பையில வச்சியே, அது வேணும்.”

அந்த வேன் வாசலில்தான் நின்றது. குலாயிலிருந்து கெலாங் பாத்தா தொழிற்சாலைக்கு அப்பா மனோகரன் ஆள் ஏற்றிப்போன வெள்ளை வேன். முந்தாநாள் நெடுஞ்சாலையில், ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நின்றுபோனது. அப்பா இறங்கிப் பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைக்கப் போனார். லாரி அடித்தது. வேனில் ஒரு கீறல்கூட இல்லை.

அதையே, சுடுகாட்டுக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொள்ளட்டும் என்று முதலாளி தங்கராஜு அனுப்பியிருந்தார். ஓட்டி வந்தவர் லோகேஸ்வரன், அப்பாவோடு வேலை செய்தவர். அவர் இறங்கியபோது கையில் இருந்த சாவியை லோஷினி பார்த்தாள். புதுசு. பல் பளபளத்தது.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே புலம்புவார். “ஓடிக்கிட்டே இருக்கும்மா, திடீர்னு செத்துப்போவும். கொஞ்ச நேரத்துல தானா உயிர் வரும். எஞ்சின் கம்ப்யூட்டர் போச்சுன்னு வண்டி பழுது பாக்கற போமன் சொல்றான். அத மாத்துனா சாவியயும் அதுக்குப் பழக்கணுமாம். பழைய சாவி போட்டா ஸ்டார்ட் ஆவாதாம்.” முதலாளியிடம் சொன்னால், வெறும் வயர் கோளாறு, ஓட்டு என்பாராம்.

இன்று காலையிலிருந்து கூடாரத்தில் உட்கார்ந்து தங்கராஜு வேறு கதை சொன்னார். “வண்டியில ஒரு கொறையும் இல்ல லா. நாளைக்கு போலீஸ்காரன் வந்து பாக்கட்டும். மனோ ஒரு சிகரெட்டுக்கு நிறுத்தியிருப்பான், பாவம்.”

அப்பா சிகரெட் பிடித்து அவள் பார்த்ததே இல்லை.

இதெல்லாம் பெட்டியை மூடும்போதுதான் அவளுக்குச் சேர்ந்து புரிந்தது. கம்ப்யூட்டரை ரகசியமாக மாற்றியிருந்தால் பழைய சாவிக்கு வேன் கிளம்பாது; அதைக் காட்ட அந்தச் சாவி ஒன்றுதான் இருந்தது. அந்தச் சாவி எரிந்துபோனால், அப்பா சிகரெட்டுக்கு வண்டியை நிறுத்திச் செத்தவர். அவ்வளவுதான்.

“என்னம்மா இது?” தங்கராஜு எழுந்து வந்தார். “அப்பன் பெட்டியத் தொறக்கத்தான் டிகிரி குடுத்தாங்களா?”

“ஆமா அங்கிள். வேற எதுக்கும் அது ஒதவல.”

யாரும் அசையவில்லை. அவளே குனிந்து திருகாணிகளைக் கழற்றினாள். மூடியைத் தள்ளினாள். சந்தனமும் பஞ்சும் கண்ணில் பட்டன; முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். சட்டை சில்லென்றிருந்தது. பட்டமளிப்பு நாளில் அவள் வாங்கிக் கொடுத்த வளையத்தில் சாவி தொங்கியது.

நேராக வேனில் ஏறினாள். சாவி திரும்பியது. எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது. கூடாரத்தில் இருந்த எல்லாருக்கும் சத்தம் கேட்டது.

“ஆஸ்பத்திரியில தண்ணி பட்டிருக்கும். சாவி போச்சு,” என்றார் தங்கராஜு.

“சரி. பழைய கம்ப்யூட்டரக் கொண்டாங்க. மாட்டிப் பாப்போம்.”

“எந்தப் பழசு? நான் எதையும் மாத்தலயே.”

“அப்பறம் புதுச் சாவி எதுக்கு அங்கிள்?”

யாரோ பாக்கெட் தண்ணியின் அடி மிச்சத்தை உறிஞ்சும் சத்தம் கேட்டு நின்றது. லோகேஸ்வரன் கூடாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“செடெனாக் போமன் கடையில,” என்றார். “நேத்து சாயங்காலம் மாத்துனாங்க. நான்தான் கொண்டுபோய் விட்டேன். பழசு அவன் மேசைக்குக் கீழ கெடக்கு.”

“டேய் லோகே!”

“ஏசுங்க பாஸ். மனோவுக்கு அடுத்து அந்த சீட்டுல நான்தான் ஒக்காரப் போறேன்.”

தங்கராஜு கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பக்கம் நடந்தார். யாரை அழைக்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை.

அம்மா அவள் கையைப் பிடித்தாள். “எடுக்கிற நேரம்டி. மொதல்ல அப்பாவ அனுப்பு. மொதலாளிய பகைச்சிக்காதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். கொள்ளி வைக்கணும்னு நீதான அடம் பிடிச்ச?”

“சித்தப்பா வைக்கட்டும்.”

“லோஷி.”

“சுடுகாட்டுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள அது அந்த மேசைக்குக் கீழ இருக்காதும்மா. இப்பவே போலீஸ கூட்டிட்டுப் போனாத்தான்.”

அம்மா கையை விட்டாள்.

லோஷினி பெட்டியருகே போய் மூடியை இழுத்துச் சரியாக வைத்தாள். இந்த முறை முகத்தைப் பார்த்தாள். பிறகு திருகாணிகளை அந்த ஆளிடம் கொடுத்தாள்.

கேட்டுக்கு நடுவே மஞ்சள் தண்ணீர் வாளி இருந்தது, சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் காலைக் கழுவிக்கொள்ள. இரண்டு பக்கமும் ஆட்கள். ஒருவரும் நகரவில்லை. “இதென்ன பொண்ணு” என்று ஒரு குரல்.

செல்லம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, வாளியை இரண்டு கையாலும் ஓரமாக இழுத்தாள். தண்ணீர் தளும்பி அவள் காலில் கொட்டியது.

லோஷினி அந்த இடைவெளியில் வெளியே போனாள்.